மறுத்த பார்சலிலிருந்து ஒரு கிழங்கு

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தப் பூ இன்னும் வாடியிருக்கவில்லை.

செவ்வாய் மாலை விரிந்த பூ அது. கொல்லைப்புறத்தில், பிடி உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றில், சாம்பல் பூத்தாற்போன்ற நான்கு இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழுந்திருந்தது. அதன் நுனியில் இரண்டு மொட்டுகள் இருந்தன. ஒன்று விரியாமலே காய்ந்தது. மற்றது, நடுவில் ஒரு கிண்ணமும் சுற்றிலும் ஆறு ஒல்லியான இதழ்களுமாக, அந்த வீட்டில் எவரும் பார்த்திராத வெள்ளைப் பூவாக நின்றது. அதன் மணம் வாளியின் தகுதிக்கு மிகவும் அதிகம்.

பெரியவள் அதன் முன் குந்தியிருந்தாள். அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்பவள். பிறர் வாய்க்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவள். வேலைக்கு அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பூவைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியில், செடியை அடையாளம் சொல்லும் செயலியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பூவை.

தொடர்ந்து படித்து வருபவர்கள் இந்த மூன்று பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். இன்றுதான் உள்ளே வருபவர்களுக்கு இது: இந்த வீட்டின் சின்னவனுக்குப் பத்தொன்பது வயது. ஐந்து வாரமாக மருத்துவமனையில் இருக்கிறான். அவனுக்கு வேறொருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும். அப்பாவுடையது பொருந்தவில்லை, அம்மாவுடையதும், அக்காவுடையதும் பொருந்தவில்லை. மிச்சமிருப்பவன் நடுவன். அவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன், அஞ்சல் துறைத் தேர்வு எழுத மறுத்து, அப்பாவோடு சண்டையிட்டு வெளியேறினான். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டான். நண்பர்களுக்குத் தெரியவில்லை. அவன் வேலை செய்த பழைய பட்டறைக்குத் தெரியவில்லை. வயது வந்தவன் விருப்பப்பட்டுப் போனதைக் காவல் நிலையம் குறித்துக்கொண்டதோடு சரி.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு பார்சல் வந்தது. பெறுநர், அம்மா. கையெழுத்து, நடுவனுடையது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்குப் போன அப்பா, நாற்பது ஆண்டு அஞ்சல் பிரிப்பாளராக இருந்தவர், பார்சலை வாங்கிய வேகத்தில் கவிழ்த்துப் பிடித்தார். அனுப்புநர் முகவரியைப் படிக்கக்கூடாது என்பதற்காகக் கவிழ்த்தார். ஒருமுறை படித்த முகவரியை மறக்கும் வசதி அவருடைய தலைக்கு இல்லை. கவிழ்த்தபடியே, மனைவியின் பெயரில், ‘பெறுநர் மறுத்தார்’ என்று எழுதி, தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். பதிவு செய்யாத சாதாரணப் பார்சல். எந்த ஏட்டிலும் அதற்குத் தடம் இல்லை.

ஈரத்தலையோடு வந்த அம்மா, கிழிந்திருந்த மூலையிலிருந்து விழுந்த ஒரே ஒரு கிழங்கைத் தரையிலிருந்து பொறுக்கினாள். வாளியில் நட்டாள். அன்றிலிருந்து கணவரிடம் அவள் பேசியவை மூன்று வகை வாக்கியங்கள்: சாப்பாடு, மருந்து, பால்.

இப்போது அந்தக் கிழங்கு பூத்திருக்கிறது. அது எது என்று தெரிந்தால் அது எங்கே விளைவது என்று தெரியும். நடுவனைத் தேட மிச்சமிருந்த ஒரே வழி அந்த வாளிக்குள் இருந்தது.

“என்ன சொல்லுது அது?” என்றார் அப்பா, கைப்பேசியைக் காட்டி.

“மூணு பேர் சொல்லுதுப்பா. மூணுக்கும் படம் காட்டுது. மூணும் இது இல்லை.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“அது நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி. சொல்லாது.”

அவர் அதை வாங்கிக்கொண்டார். சில மாதங்களாக எதையும் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தார்.

கைப்பேசி ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து அம்மா.

“பூத்துடுச்சாமே?”

“நேத்து சாயந்திரமே பூத்துடுச்சும்மா.”

“எப்படி இருக்கு?”

“வெள்ளையா. நடுவுல கிண்ணம் வச்சாப்ல.”

அம்மா வேறு குரலில் பேசினாள். “டாக்டர் இப்பத்தான் வந்துட்டுப் போனார். திங்கக்கிழமை வரைக்கும்தான் பார்ப்பாராம். அதுக்குள்ள ஆள் வந்து, ரத்தம் குடுத்து, பொருந்துதுன்னா ஒரு வழியாம். இல்லைன்னா வேற வழியாம். ‘அந்த வேற வழியை என் பிள்ளைக்கு நான் செய்ய மாட்டேன்’னு சொல்லிட்டுப் போறார். எதுக்குப் பாப்பா அதை என்கிட்ட சொல்லணும்?”

“தம்பி கேட்டானா?”

“தூங்கற மாதிரி கிடந்தான். கண்ணு மூடியிருந்தாலும் இமை ஆடிச்சு.”

“நான் இன்னிக்குள்ள கண்டுபிடிக்கறேம்மா. அப்பாவும் வரேன்னு சொல்றார்.”

“அவர் பக்கத்துலயா இருக்கார்?”

“ஆமா. குடுக்கட்டுமா?”

“பால் வாங்கி வச்சாரான்னு கேளு” என்று கூறி அம்மா வைத்துவிட்டாள்.

பெரியவள் தண்டை அடியில் அறுத்தாள். வெட்டுவாயில் ஈரப்பஞ்சு சுற்றினாள். இலை ஒன்றையும் சேர்த்து, பெரிய சாப்பாட்டு டப்பாவில் பூவைச் சாய்த்து வைத்து மூடினாள். அப்பா சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

*

நர்சரிக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு நாற்றுகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்ததும் ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

“இதுவா! சிலந்தி லில்லி. ரோட்டுக்கு நடுவுல, பேங்க் வாசல்ல, ஆஸ்பத்திரி வாசல்ல, எங்க பார்த்தாலும் நிக்கும். நாய்கூட நின்னு மோந்து பார்க்காது. இதுக்கா டப்பால வச்சுத் தூக்கிட்டு வந்தீங்க?”

“எங்கயும் இருக்குமா?” என்றார் அப்பா.

“சார், எங்க இல்லைன்னு கேளுங்க. அது சின்ன லிஸ்ட்டு.”

அப்பா டப்பாவின் மூடியை எடுத்தார். எங்கும் வளரும் பூ எவனையும் காட்டிக் கொடுக்காது. அவர் முகத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மூடியைச் சரியான பள்ளத்தில் பொருத்த அவர் மூன்று முறை முயல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“வாம்மா. போகலாம். உங்கம்மா தனியா இருப்பா.”

பெரியவள் நகரவில்லை. “உங்ககிட்ட அந்தச் சிலந்தி லில்லி இப்ப பூவோட இருக்கா?”

“பின்னால வரிசையா நிக்குது. பத்து வேணுமா இருபது வேணுமா?”

“ஒரு பூ போதும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைக் கிள்ளி வந்தார். பெரியவள் டப்பாவை மறுபடி திறந்து, உருப்பெருக்கியை இறக்கி, இரண்டு பூக்களையும் அருகருகே பிடித்தாள். கூடத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பல்வரிசைகளைப் பார்க்கும் கண் அது. ஓர் அச்சு எந்த வாயிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஓரத்தைப் பார்த்தே கூறிவிடும்.

“இல்லை” என்றாள்.

“என்ன இல்லை?”

“உங்க பூவோட கிண்ணத்து ஓரம் கிழிச்சுப்போட்ட மாதிரி இருக்கு. ஒழுங்கே இல்லை. இதுல பல்லு இருக்கு. ஆறு மகரந்தக் காம்புக்கும் நடுவுல ரெண்டு ரெண்டா, மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் ஒரே உயரம். இது வேற வாய்.”

“பூவுக்குப் பல்லா?” நர்சரிக்காரர் குழாயைக் கீழே போட்டார். “நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“பல்லு கட்டறேன்.”

“அதானே பார்த்தேன். செருப்புக் கடைக்காரனுக்கு ஊரெல்லாம் காலாத் தெரியும்.” அவர் இரண்டாம் முறை குனிந்து பார்த்தார். இம்முறை நேரம் எடுத்துக்கொண்டார். “ஆனா நீங்க சொல்றதும் இருக்கு. இலைகூட இவ்வளவு வெளுப்பு இருக்காது எங்களுது. ஒண்ணு பண்ணுங்க. பெரிய காலேஜ்ல ஒரு அம்மா இருக்காங்க. காய்ஞ்ச செடியைத் தாள்ல ஒட்டி ஒட்டிப் பீரோ பீரோவா வச்சிருக்காங்க. போன வருஷம் இங்க வந்து, என் போர்டுல ஏழு பேர் தப்புன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரு செடி வாங்கலை.”

*

உலர்தாவரக் கூடம் கல்லூரியின் இரண்டாம் தளத்தில், மாடிப்படி முடிந்து காற்றும் முடியும் இடத்தில் இருந்தது. அந்துருண்டை நெடி கதவுக்கு வெளியே வந்து வரவேற்றது. இரும்புப் பீரோக்கள் இருபுறமும் சுவரை மறைத்திருந்தன. அவற்றின் நடுவில் காப்பாளர் அம்மையார், கழுத்தில் கயிற்றுக் கண்ணாடி தொங்க, ஊசியால் ஒரு காய்ந்த தண்டைத் தாளில் தைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணி இரண்டு. டப்பாவைத் திறந்தபோது இதழ்களின் நுனி கண்ணாடி போல ஊடுருவித் தெரியத் தொடங்கியிருந்தது.

“எங்க எடுத்தது?” என்றார் அம்மையார், நிமிராமலே.

“அதைத்தான் மேடம் உங்ககிட்டக் கேக்க வந்தோம்.”

அவர் நிமிர்ந்தார். “எல்லாரும் இடத்தைச் சொல்லிட்டுப் பேரைக் கேப்பாங்க. நீங்க பூவை வச்சு இடத்தைக் கேக்கறீங்க.”

பெரியவள் விஷயத்தைக் கூறினாள். பல் கணக்கையும் சேர்த்து நான்கே வாக்கியம். அம்மையார் பச்சாதாபமாக ஒரு சொல்லும் கூறவில்லை. ஊசியைத் தாளில் குத்தி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, விளக்கைப் போட்டார். அதுவே அவருடைய பச்சாதாபம் என்பதைப் பெரியவள் பிறகுதான் உணர்ந்தாள்.

“பல்லை எண்ணினது யாரு?”

“நான்தான்.”

“சரியா எண்ணியிருக்கீங்க. எங்க பசங்க மூணாவது வருஷத்துலயும் பதினொண்ணுன்னு எழுதுவாங்க.” அவர் பூவைத் திருப்பினார். “ரெண்டு பேரினத்துல எதுன்னு சந்தேகம். வெளிய பார்த்தா எழுபது சதவீதம் சொல்லலாம். முழுசாச் சொல்லணும்னா அடியில பச்சையா இருக்கே, சூலகம், அதைக் குறுக்க வெட்டி உள்ள பார்க்கணும். ஒரே பூதானா?”

“ஒண்ணே ஒண்ணு.”

“வெட்டினா பூ போச்சு. எனக்குச் சேகரிப்புல வைக்கக்கூட மிஞ்சாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

அப்பா வாய் திறந்தார். “வெட்ட வேண்டாம்மா. உங்கம்மா இதை இன்னும் பார்க்கலை.”

பெரியவள் அவரைப் பார்க்காமல் பதில் கூறினாள். “அம்மாவுக்கு வேண்டியது பூ இல்லைப்பா.”

பிளேடை அம்மையார் நீட்டியபோது பெரியவள் தானே வாங்கிக்கொண்டாள். மெழுகில் மயிரிழை செதுக்கும் கை. அவள் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, ஒரே இழுப்பில் வெட்டினாள். பூ ஒருபுறம் சரிந்தது. வெட்டுமுகத்தில் மூன்று சிறு அறைகள் தெரிந்தன. அம்மையார் ஓர் அறையை நெடுக்கில் பிளந்து லென்சின் கீழ்த் தள்ளினார்.

“விதையாகப் போற மணிகளை எண்ணுங்க.”

“ரெண்டு வரிசையா இருக்கு மேடம். நிறைய. ஒட்டி ஒட்டி அடுக்கின மாதிரி.”

“சிலந்தி லில்லின்னா அறைக்கு ரெண்டு மூணோட நின்னிருக்கும். இது அது இல்லை. இது பான்கிராசியம். காட்டுச் செடி, எல்லா இடத்துலயும் வளராது.”

அந்தச் சொல்லை அவர் மெதுவாகத்தான் கூறினார். ஆயினும் அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷப்படாதீங்க சார். இந்த வகையறாவுல உள்நாட்டுப் புல்தரையில வளர்றதும் இருக்கு. கடற்கரை மணல்ல மட்டும் வளர்றதும் இருக்கு. கிண்ணத்தோட நீளமும் இலையோட சாம்பல் நிறமும் கடற்கரைன்னுதான் சொல்லுது. ஆனா வாளியில, வேற மண்ணுல, ஏழு மாசம் வளர்ந்த இலை. இலை பொய் சொல்லும். கிழங்கு வந்தப்ப அதுல ஒட்டியிருந்த மண்ணு என்ன நிறம்? யாராவது பார்த்தீங்களா?”

பெரியவள் தலையை அசைத்தாள். “அம்மா கழுவிட்டுத்தான் நட்டாங்க.”

“மணல்” என்றார் அப்பா.

இருவரும் திரும்பினர்.

“அந்த மூலையிலேர்ந்து மணல் கொட்டிச்சு. வாசப்படியில ஒரு கையளவு. வெளுத்த மணல். உங்கம்மா பார்க்கறதுக்குள்ள நான்தான் பெருக்கித் தள்ளினேன்.” அவர் தன் வலக்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஒரு துண்டு கால்ல குத்திச்சு. எடுத்துப் பார்த்தேன். கிளிஞ்சல்.”

பெரியவள் பிளேடை மேசைமேல் வைத்தாள்.

“கிளிஞ்சல்” என்றாள் பெரியவள். “ஏழு மாசமா உங்களுக்குத் தெரியும்.”

“கிளிஞ்சல்னு தெரியும். கடல்னு யோசிக்கலை.”

“யோசிக்கலையா, யோசிக்கக் கூடாதுன்னு இருந்தீங்களா?”

அவர் வலக்காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“அவன் அஞ்சு வாரமா அங்க கிடக்கான்பா. போன மாசம் சொல்லியிருந்தா போன மாசமே கடற்கரையில தேட ஆரம்பிச்சிருப்பேன். நான் ஒரு பூவுக்காக உட்கார்ந்துட்டு இருந்தேன். தினமும் காலையில தண்ணி ஊத்திட்டு, மொட்டு வந்துதான்னு பார்த்துட்டு! நீங்களும் பக்கத்துல நின்னு பார்த்தீங்க!”

“சொன்னா, பெருக்கினதையும் சொல்லணுமே” என்றார் அவர்.

அதற்கு மேல் திட்டுவதற்குப் பெரியவளிடம் ஒன்றும் இல்லை. அந்த விடையின் சிறுமை அவளை நிறுத்திவிட்டது. மலை போல் மறைத்து வைத்திருப்பார் என்று நினைத்த இடத்தில் ஒரு விளக்குமாறு இருந்தது.

அம்மையார் இதற்குள் மூன்றாம் பீரோவைத் திறந்திருந்தார். “சண்டையை மாடிப்படியில வச்சுக்கலாம். நேரம் ஆகுது. இந்த இனத்துக்கு என்கிட்ட ஏழு தாள் இருக்கு. தாளுக்குத் தாள் எடுத்த இடம் எழுதியிருக்கும்.” அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இந்த நாலு இடத்துலயும் மணல்மேட்டை மட்டம் பண்ணிட்டாங்க. இப்ப அங்க ஹோட்டல்தான் பூக்குது. மிச்சம் மூணு.”

மூன்று ஊர்ப்பெயர்களைப் படித்தார். பெரியவள் அவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

அப்பா கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. நாற்பது ஆண்டு பிரித்த அறைகள், பைகள், தடங்கள் உள்ளே வரிசையாக ஓடின.

“முதல் ரெண்டு ஊருக்கும் ஒரே ஆபீஸ். மூணாவதுக்குத் தனி ஆபீஸ், சின்னது. ஒரே ஒரு ஆள்தான் இருப்பாங்க. உப்பளத்துக்காகத் திறந்தது.” கண்ணைத் திறந்தார். “மூணரைக்குக் கவுன்ட்டர் மூடிடுவாங்க. இப்ப மணி என்ன?”

“ரெண்டே முக்கால்.”

*

மாடிப்படியின் திருப்பத்தில், ஜன்னலோரம், கைப்பேசிக்குத் தொடர்பு நன்றாகக் கிடைத்தது. பெரியவள் எண்களைத் தேடி எடுத்தாள். முதல் அலுவலகம் பதினேழு நிமிடம் எடுக்கவில்லை. எடுத்தவர், அப்படிப்பட்ட இளைஞர் எவரையும் தமக்குத் தெரியாது என்று பணிவாகவே கூறி வைத்துவிட்டார்.

இரண்டாம் அலுவலகத்தில் ஒரு பெண்குரல் உடனே எடுத்தது.

அப்பா தன்னைப் பிரிப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஓய்வு பெற்ற ஆண்டையும் பணி எண்ணையும் கூறினார். பிறகு கேட்டார்.

“பிரிப்பாளரா இருந்தவர்னா விதி உங்களுக்கே தெரியும் ஐயா. யார் எங்க இருக்காங்கன்னு போன்ல சொல்லக்கூடாது.”

“தெரியும்மா. நாற்பது வருஷம் நானும் சொன்னதில்லை. முகவரி கேக்கலை. ஒரு பார்சலைப் பத்தி மட்டும் கேக்கறேன். ஏழு மாசம் முன்னாடி, பெறுநர் மறுத்துத் திரும்பி வந்தது. சாதாரணப் பார்சல். ஒரு மூலை கிழிஞ்சிருக்கும்.”

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

“கிழங்கு பார்சலா?”

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பா கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

“ஆமாம்மா.”

“அனுப்பினவர்கிட்டத் திருப்பிக் குடுத்தேன் ஐயா. மேல எழுதியிருந்ததைப் படிச்சார். ‘அம்மாவே மறுத்தாங்களா?’ன்னு கேட்டார். பெறுநர்னா அவங்கதானே, நான் ஆமான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம் அவரும் வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.” குரல் தாழ்ந்தது. “ரெண்டு பேரும் மறுத்ததை மேல அனுப்பணும், எனக்கும் தெரியும். ஆனா உள்ள முளைவிட்டிருந்தது. முளைச்சதைக் கட்டி அனுப்ப மனசு வரலை. ஆபீஸுக்குப் பின்னால மணல்ல நட்டுட்டேன். நேத்திலேர்ந்து பூக்குது. நீங்க துறையில இருந்தவர், எழுதிப் போட்டுடாதீங்க.”

“போட மாட்டேன்.” அவர் குரல் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. “அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்னு நான் கேக்கலை. நல்லா இருக்கானா?”

“உப்பளத்துல மோட்டார் பார்க்கறார். எதிர் ஷெட்டுதான். இப்பக்கூடச் சத்தம் கேக்குது. போய்க் கூப்பிடட்டுமா? கூப்பிடக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லை.”

“கூப்பிடுங்கம்மா.”

“யார் பேசறதுன்னு கேட்டா?”

பெரியவள் கையை நீட்டினாள். “குடுங்கப்பா, நான் பேசறேன். உங்க பேரைக் கேட்டா வர மாட்டான்.”

அவர் கொடுக்கவில்லை. “மறுத்தவர் கூப்பிடறார்னு சொல்லுங்க” என்றார்.

மறுமுனையில் தொலைபேசி மேசைமேல் வைக்கப்படும் ஓசை கேட்டது. தொலைவில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று நின்றது. மூன்றேகால் ஆயிற்று. மூன்று இருபது ஆயிற்று. ‘வருவான்’ என்று பெரியவள் ஒரு முறை சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவில்லை.

யாரோ தொலைபேசியை எடுத்தார்கள். பேசவில்லை. ஓடி வந்த மூச்சு மட்டும் கேட்டது.

அப்பா நிமிர்ந்து நின்றார். மேலதிகாரி முன் நிற்பது போல நின்றார்.

“மறுத்தது அம்மா இல்லைப்பா. அவ அப்ப குளிச்சுட்டு இருந்தா. அவ பேரைப் போட்டு நான் எழுதினேன். உள்ள என்ன இருந்ததுன்னுகூட அவளுக்குத் தெரியாது. ஒரு கிழங்கு கீழ விழுந்தது. அதை அவ எடுத்து நட்டு வச்சா.”

மூச்சு அப்படியே இருந்தது.

“சின்னவனைச் சொல்லுங்க” என்று பெரியவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“சின்னவனுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருக்கு. எங்க யாரோடதும் பொருந்தலை. உன்னோடது பொருந்துமான்னு தெரியாது. நாலுல ஒண்ணுன்னு சொல்றாங்க. திங்கக்கிழமைக்குள்ள பார்க்கணுமாம்.” அவர் ஒரு நொடி நிறுத்தினார். “வீட்டுக்கு வரவேண்டாம்னா வரவேண்டாம். என்னைப் பார்க்கவும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்கு வா. நான் அங்க இருக்க மாட்டேன்.”

தொலைபேசி மேசைமேல் வைக்கப்பட்டது, எறியப்படவில்லை, வைக்கப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவள் பற்றிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துப் பெண்குரல் வந்தது. “ஐயா? இருக்கீங்களா? அவர் வெளிய போயிட்டார். முகமே சரியில்லை. பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் என்கிட்டக் கேட்டார்.”

“எந்தப் பஸ்?” பெரியவள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். “எந்தப் பக்கம் போற பஸ்?”

“அதைச் சொல்லலைம்மா. இங்க மூணரைக்கு ரெண்டு பஸ்ஸும் ஒண்ணா வந்து நிக்கும். ஒண்ணு உங்க பக்கம் வருது. இன்னொண்ணு கரையோரமா நேர் எதிர்ப்பக்கம் போகுது. ரெண்டும் இப்ப வந்து நிக்குது, ஹாரன் கேக்குது பாருங்க.”

“எதுல ஏறினான்?”

“உள்ள இருந்து பார்த்தாத் தெரியலை. இருங்க, ஓடிப் பார்த்துட்டு வரேன்.”

செருப்போசை சிமெண்ட் தரையில் விரைந்து, மணலில் இறங்கியதும் நின்றுபோனது.